பத்தா, இருபதா, பூஜ்யமா?

கேள்வி இதுதான். ஒரு ஸ்பிரிங் தராசைப் படுக்கை வசமாக வைத்து, அதன் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கயிறுகளை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கப்பி மேலாகப் போட்டுக் கீழே தொங்கவிட்டு, ஒவ்வொரு நுனியிலும் 10 கிலோ எடையைக் கட்டியாயிற்று. எதுவும் அசையவில்லை. தராசு எவ்வளவு காட்டும்? பதினோராம் வகுப்பு இயக்க விதிகள் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது அரதப்பழசு. பாலக்கோட்டில் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுப் பன்னிரண்டு வருஷமாக ட்யூஷன் எடுக்கிறேன், எல்லா வருஷமும் இதைக் கேட்கிறேன், எல்லா வருஷமும் முக்கால்வாசிப் பேர் தப்பாகச் சொல்வார்கள், நான் போர்டில் படம் போட்டுக் காட்டுவேன், எல்லாரும் எழுதிக்கொள்வார்கள், அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். (எடையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும், 98 நியூட்டன், தெரியும். புளி மண்டியில் யாரும் நியூட்டனில் நிறுப்பதில்லை, நானும் இங்கே கிலோவிலேயே சொல்லிக்கொள்கிறேன்.)

இந்த வருஷம் அப்படிப் போக முடியவில்லை. பதினெட்டுப் பேருக்கு ஒரு சின்ன டெஸ்ட் வைத்ததில் பதினோரு பேர் இருபது என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, கூட்டிக்கொள். நான்கு பேர் பூஜ்யம். எதிரெதிராக இழுக்கிறது, கழித்துக்கொள். மூன்று பேர் பத்து. அந்த மூன்றில் ஒருவன் தன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினவன், அவனை விட்டுவிடுவோம். இன்னொருவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன். தொங்குகிற எடையை மட்டும் தனியே பிரித்து விசைப்படம் வரைந்து, மேலே இழுவிசைக்கு ஒரு அம்பு, கீழே புவியீர்ப்புக்கு ஒரு அம்பு, முடுக்கம் பூஜ்யம், ஆகவே இரண்டும் சமம், கயிற்றின் இழுவிசை எதுவோ அதுதான் தராசு காட்டும், விடை பத்து என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்தான். மூன்றுக்கு மூன்று. மூன்றாவது ஒரு பெண். பேனாவை எடுத்து ஒரு கோடுகூடப் போடவில்லை. அவள் எழுதியது இவ்வளவுதான்: "ஒரு பக்கத்து எடையைக் கழற்றிவிட்டு அந்தக் கயிற்றை ஒரு மரத்தில் கட்டினால் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. மரத்தில் கட்டினால் 10தான் காட்டும். அதனால் 10." நான் சிவப்பு மையில் 'விசைப்படம் எங்கே?' என்று எழுதி ஒரு மார்க் போட்டிருந்தேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு மூன்று மார்க் வாங்கியவன் எல்லாரும் போகும் வரைக்கும் நின்றான். செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி, "சார், கணக்குல பத்துன்னு வந்துருச்சு, எழுதிட்டேன். ஆனா நெஜமா மாட்டிப் பார்த்தா இருபதுதானே சார் காட்டும்?" என்றான்.

அன்றைக்கு ராத்திரி இதுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. முழு மார்க் வாங்கியவனுக்குத் தன் விடையில் நம்பிக்கை இல்லை. ஒரு மார்க் வாங்கியவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. நான் எதற்குத்தான் மார்க் போடுகிறேன்?

இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு பழைய சம்பவம் உண்டு. 1992ல் அமெரிக்காவில் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் என்று மூன்று பேர் விசையைப் பற்றி ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். கணக்கு ஒன்றுகூடக் கிடையாது, சூத்திரம் தேவையே இல்லை, வெறும் 'எது பெரிசு, எந்தப் பக்கம் போகும்' வகைக் கேள்விகள். தப்பான விடைகள் எல்லாம் சும்மா இட்டுக்கட்டியவை இல்லை, பிள்ளைகள் வாயிலிருந்து சாதாரணமாக வருகிற விடைகளையே பொறுக்கிப் போட்டிருந்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்பே, இதற்கு முன்னோடியான ஒரு வினாத்தாளை ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்குப் போய்க் கொடுத்தாரா, அதில் ஒரு மாணவி எழுந்து, 'நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் இதையெல்லாம் நினைத்துக்கொள்கிறபடி எழுத வேண்டுமா' என்று கேட்டாளாம். மஸூர் தம் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டது அதற்கப்புறம்தான். ஹார்வர்டு மாணவி கேட்ட அதே கேள்வியைத்தான் என் பையன் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறான்.

விசை தீர்ந்துபோகிற ஊர்

தப்பான விடை சொல்கிறவர்களை முட்டாள் என்று நினைக்கிற காலம் எனக்கும் இருந்தது. இப்போது அந்தப் பூஜ்யக்காரர்களைப் பார்த்தால், அவர்கள் போட்ட கணக்கு சரி. தராசின் மேல் மொத்தமாக விழுகிற விசை பூஜ்யம்தான், இல்லாவிட்டால் தராசு நகர்ந்திருக்கும். கேட்ட கேள்விக்கு அது விடையில்லை, அவ்வளவுதான். இருபதுக்காரர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. தராசை உத்திரத்தில் மாட்டி மூட்டையைத் தொங்கவிடும்போது ஒரு பக்கம்தான் இழுக்கிறது என்று நினைக்கிறார்கள். உத்திரம் சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிற சாமான் எப்படி இழுக்கும்? ஆகவே ஒரு இழுப்புக்குப் பத்து என்றால் இரண்டு இழுப்புக்கு இருபது. அடித்தளம் தப்பு, அதன்மேல் கட்டின சுவர் நேராகத்தான் நிற்கிறது.

அந்தப் பெண் அந்த அடித்தளத்தைத்தான் தட்டிவிட்டாள். மரம் சும்மா நிற்கவில்லை, அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து பத்து கிலோ அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எடை போடுகிற ஒவ்வொரு தடவையும் தராசு இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாம் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். சிலருக்கு இது மரத்தோடு புரிவதில்லை. அவர்களுக்குக் கயிற்றுக் கட்டிலைச் சொல்வேன். உட்கார்ந்தால் தொய்ந்து உங்களை மேலே தாங்குகிறது, ஒத்துக்கொள்கிறாய் அல்லவா? சரி, கயிற்றுக்குப் பதில் மெல்லிய பலகை. அதுவும் கொஞ்சம் வளைகிறது. அப்புறம் தடிமனான பெஞ்சு, அப்புறம் சிமெண்ட் திண்ணை. எந்த இடத்தில் தாங்குவதை நிறுத்தியது, சொல்லு பார்ப்போம்? பெஞ்சு வரைக்கும் கூட வந்துவிடுவார்கள், திண்ணையில் கொஞ்ச நேரம் தயங்குவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நம் பாஷையிலேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'விசை' என்றால் ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தள்ளுவதோ இழுப்பதோ. ஊரில் அப்படியா சொல்கிறோம்? 'விசையா ஓடி வந்தான்', 'விசையா எறிடா'. அதாவது விசை என்பது ஓடுகிறவனுக்குள், எறிந்த கல்லுக்குள் இருக்கிற ஒரு சமாச்சாரம். மாங்காய் அடிக்கக் கல்லெறிந்து அது எட்டாமல் திரும்பி விழுந்தால் 'விசை பத்தல' என்போம். மேலே போகிற கல்லின் மேல் என்னென்ன விசை இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், மாந்தோப்பில் வளர்ந்த பிள்ளை 'கை கொடுத்த விசை மேலே, புவியீர்ப்பு கீழே, கை கொடுத்தது தீர்ந்ததும் விழுது' என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்? காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், கையை விட்ட அந்த நொடியிலிருந்து கல்லின் மேல் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிதான் என்ற பெரிய மேதை கிட்டத்தட்ட நம் மாந்தோப்புப் பிள்ளை சொன்னதைத்தான் சொன்னார்: எறிகிறவன் பொருளுக்குள் ஒரு உந்துதலைப் பதித்துவிடுகிறான், காற்றும் எடையும் அதைத் தின்று தீர்க்கின்றன என்று. நியூட்டனின் பிரின்சிபியா 1687ல் வருகிறது, நடுவே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் அதை நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் தாண்ட வைக்கப் பார்க்கிறேன். அந்த ஊர் 'விசை' சுத்தமாகப் பொய்யும் இல்லை, உந்தம் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினது) என்று புத்தகம் சொல்வதற்கு அது ரொம்பக் கிட்டே வரும். 'நீ சொல்றது தப்பு' என்பதைவிட 'நீ சொல்றதுக்குப் பேர் வேற' என்று சொன்னால் முகம் வாடுவதில்லை. இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து வருஷம் ஆனது.

தொப்பூர் இறக்கம்

அந்த வாரக் கடைசியில் சேலத்துக்குப் போக வேண்டியிருந்தது, மாமா வண்டியிலேயே போனேன். அம்மாவின் தம்பி, முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறார், எட்டாவதோடு சரி. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் வண்டி இறங்க ஆரம்பித்தது. அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், இரட்டைப் பாலத்துக்கிட்டே எத்தனை வண்டிகள். மாமா மேலேயே கியரைக் குறைத்துவிட்டார், இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது, ஸ்பீடாமீட்டர் முள் முப்பதில் ஆடாமல் நின்றது.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "மாமா, இப்ப வண்டியைக் கீழ இழுக்கிறது பெரிசா, பிடிச்சு வச்சிருக்கிறது பெரிசா?" என் வகுப்பில் இதைக் கேட்டால் பாதிக்கு மேல் இழுக்கிறதுதான் பெரிசு என்பார்கள், கீழே போகிறதே, பெரிசாக இல்லாமல் எப்படிப் போகும்?

மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள."

"அப்புறம் எப்படி மாமா வண்டி கீழ போகுது?"

"போயிட்டு இருந்துச்சு, போகுது. இழுக்கிறது ஒரு பொட்டு கூடினா முள்ளு ஏறும். ஏறலல்ல? பிடிக்கிறது கூடினா இறங்கும். இறங்கலல்ல?" கொஞ்ச தூரம் போனதும், "முள்ளு நின்னா ரெண்டும் சமம். இது தெரியாம இந்த ரோட்டுல எவன் வண்டி ஓட்டுவான்?" என்றார்.

மொத்த விசை பூஜ்யமானால் வேகம் மாறாது என்கிற நியூட்டனின் முதல் விதியை இவ்வளவு சுத்தமாக நான் எந்த விடைத்தாளிலும் படித்ததில்லை. அவர் வண்டி நகர்கிறதா என்று பார்க்கவில்லை, முள் நகர்கிறதா என்று பார்க்கிறார். பிள்ளைகள் வேகத்தைப் பார்த்து விசையைச் சொல்கிறார்கள், மாமா வேகத்தின் மாற்றத்தைப் பார்த்துச் சொல்கிறார். அவருடைய விசைப்படம் வலது காலடியில் இருக்கிறது.

எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். லாரியும் பைக்கும் மோதினால் யார் மேல் யார் அதிக விசையோடு அடிப்பது? "இதென்ன கேள்வி, லாரிதான்." இல்லை மாமா, ரெண்டும் சரிசமம், நியூட்டனின் மூன்றாம் விதி என்றேன். எண்ணிக்கையாகவும் சொல்லிப் பார்த்தேன். லாரி பத்து டன், பைக்கும் ஆளுமாக 200 கிலோ, ஐம்பது மடங்கு வித்தியாசம். ஒரே விசை இரண்டின் மேலும் விழுகிறது, ஆனால் லாரியின் வேகம் ஒரு கிலோமீட்டர் குறைந்தால் பைக்கின் வேகம் ஐம்பது கிலோமீட்டர் மாறிப்போகும், அதனால்தான் லாரிக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறது. மாமா கேட்டுக்கொண்டே ஓட்டினார். பிறகு, "சரி மாப்ள. அடிபட்ட பையன் வீட்டுக்குப் போயி, உங்க பையனும் லாரியை அதே அடி அடிச்சிருக்கான்னு சொல்லு" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். இயற்பியல்படி அவர் சொன்னது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலால் தெரிந்துகொண்டது எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது, அனுபவஸ்தர் சொன்னால் அப்படியே சரி என்று உருகுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அவர் 'அடி' என்று சொன்னபோது அதற்குள் வலியும் சேதமும் உயிரும் இருந்தன, நான் 'விசை' என்று சொன்னபோது அதெல்லாம் எதுவும் இல்லை. ஒரே கேள்வியை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்ததாக நான் நினைத்தேன், அப்படி இல்லை. பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மாடியில் இரண்டு கப்பி

திரும்பி வந்ததும் ஹார்டுவேர் கடையில் கிணற்றுக் கப்பி இரண்டு வாங்கினேன். அந்தப் பெண்ணின் பாட்டி புளி தட்டுகிறவர், அவர் மூலமாக ஒரு புளி வியாபாரியிடமிருந்து ஐம்பது கிலோ ஸ்பிரிங் தராசு கைமாற்றாக வந்தது. பித்தளை முகப்பு, எண்கள் பாதி தேய்ந்து, முள்ளின் நுனி மட்டும் யாரோ சிவப்பு நெயில்பாலிஷ் வைத்துப் பளிச்சென்று இருந்தது. பத்து கிலோ அரிசிப் பை இரண்டு. வகுப்புக்கு முன்னால் நான் மட்டும் தனியாக மாட்டிப் பார்க்கலாம் என்று மத்தியானமே மாடிக்குப் போனேன். பிள்ளைகள் முன்னால் சொதப்பக் கூடாது என்கிற வாத்தியார் பயம்தான், வேறொன்றும் இல்லை.

கூரைக் குழாயில் கப்பிகளைக் கட்டி, நடுவில் தராசைக் கோத்து, முதல் பையை ஒரு பக்கம் மாட்டினேன். இன்னொரு பக்கக் கயிற்றை இடது கையால் பிடித்துக்கொண்டேன். கை நன்றாக இழுபட்டது. முள் பத்துக்குக் கிட்டே நின்றது. இப்போது வலது கையால் இரண்டாவது பையைத் தூக்கி, என் கை பிடித்திருந்த கயிற்றில் மாட்டி, மெதுவாக விட வேண்டும். விடுவதற்கு முந்தின அந்த ஒரு கணத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். முள் இருபதுக்கு எகிறும் என்று என் கண் காத்திருந்தது. விடை எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷமாக நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டுக் காட்டுவேன். அப்படியும் கண் இருபதில் போய் நின்றுகொண்டது. தோள்கூட லேசாக இறுகிற்று, கயிறு தாங்குமா என்று.

விட்டேன். முள் ஒரு ஆட்டம் ஆடி, பத்துக்கு ஒரு கோடு குறைவாக நின்றது. (ஒரு கோடு ஏன் குறைந்தது என்றும் யோசித்தேன். நிமிர்த்தித் தொங்கவிடும்போது கீழே இருக்கிற கொக்கியின் கனமும் ஸ்பிரிங்கை இழுக்கும், அதைச் சேர்த்துத்தான் பூஜ்யம் வைத்திருப்பார்கள். படுக்க வைத்தால் அந்த இழுப்பு இல்லை. கப்பி உராய்வும் கொஞ்சம் இருக்கும்.) அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கை பிடித்திருந்த இடத்தில் பை வந்து நின்றது, அவ்வளவுதான். கை பத்து கிலோ இழுத்தது, இப்போது பை இழுக்கிறது. தராசுக்குக் கை என்ன, மரம் என்ன, அரிசிப் பை என்ன? அந்தப் பெண் எழுதியதை நான் திருத்தும்போது படித்திருந்தேன், ஆனால் அது எனக்குள் இறங்கியது இப்போதுதான். அவள் விசைப்படம் போடாமல் தப்பித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். விசைப்படத்துக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதை அவள் எழுதியிருக்கிறாள். தராசு தன்னைத் தொடுகிறதை மட்டும்தான் அறியும், அதற்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. ஒரு பொருளைத் தனியே பிரித்து வரை என்று நான் வருஷக்கணக்காகக் கத்துவதற்கு அர்த்தமே இதுதானே.

சாயங்காலம் அவள் தாளை வாங்கி ஒன்றை அடித்து இரண்டரை ஆக்கினேன். மூன்று போட மனசு வரவில்லை, பொதுத்தேர்வில் திருத்துகிறவருக்கு மரம் புரியாது, படம்தான் புரியும், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. அவள் மார்க்கைப் பார்க்கவேயில்லை, கப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பன்னெண்டு போட்டா?"

மரம் இங்கே உதவாது. பன்னிரண்டு கீழே இறங்கும், பத்து மேலே ஏறும், ஓடிக்கொண்டிருக்கிற மரத்தில் எப்படிக் கயிறு கட்டுவது? அதைத்தான் சொல்லிக்காட்டலாம் என்று வாயைத் திறந்தேன், கொஞ்சம் அற்ப சந்தோஷத்தோடுதான். அதற்குள் அவளே, "பத்து மேல ஏறணும்னா கயிறு பத்துக்கு மேல இழுக்கணும். பன்னெண்டு கீழ இறங்கணும்னா கயிறு பன்னெண்டுக்குக் கம்மியா இழுக்கணும். கயிறு ஒண்ணுதானே சார். அப்ப நடுவுல" என்றாள். பின்னால் இருந்த மூன்று மார்க்காரன், "பதினொண்ணா?" என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்து இரண்டு பொருளுக்கும் தனித்தனியே அம்பு போட ஆரம்பித்தான். தராசின் கனத்தை விட்டுவிட்டுப் போட்டால் இரண்டு மடங்கு பத்துப் பெருக்கல் பன்னிரண்டு, வகுத்தல் இருபத்திரண்டு. "பத்து புள்ளி ஒன்பது சார்," என்றான். "பதினொண்ணு இல்ல." அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தத் தடவை 'நிஜமா அவ்வளவுதான் காட்டுமா' என்று அவன் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

மாட்டிப் பார்த்தோம். ஒரு பைக்குள் இரண்டு கிலோ துவரம்பருப்பைச் சேர்த்துக் கட்டி, பதினெட்டுப் பேரும் தராசைச் சுற்றி நின்றுகொள்ள, ஒருவன் மூன்று எண்ணிவிட்டுப் பையை விட்டான். தராசு கயிற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓடியது, அதோடு சேர்ந்து பதினெட்டுத் தலையும் ஓடின, ஒன்றரை நொடியில் தராசு கப்பியில் போய் 'டங்' என்று இடித்து, கனமான பை தரையில் மோதி வாய் பிரிந்துவிட்டது. மாடி முழுக்க அரிசியும் பருப்பும். முள் எங்கே நின்றது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கீழேயிருந்து மனைவி, "என்னங்க அது சத்தம்?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "சார், அடுத்த தடவை போன்ல வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கலாம்," என்றாள். பருப்பைத் தனியாகப் பொறுக்கி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது.